பிள்ளையைச் சேர்க்கும் முன் காலை வழிபாட்டைப் பாருங்கள்

ராயபுரம், காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் பிள்ளைக்குப் பள்ளி தேடுகிறவர்கள் கேட்கும் கேள்விகள் எனக்கு மனப்பாடம். ஆங்கிலம் நன்றாகச் சொல்லித் தருகிறார்களா? வேன் உண்டா? ஐந்தாம் வகுப்பு முடித்தால் அதே சிஸ்டர்களின் மேல்நிலைப் பள்ளியில் இடம் கிடைக்குமா? கத்தோலிக்கப் பள்ளியில்தான் சேர்ப்பேன் என்று பிடிவாதமாக நிற்கிறவர்கள்கூட, அங்கே பிள்ளைகள் எப்படிச் செபிக்கிறார்கள் என்று கேட்பதில்லை. செபம்தானே, எங்கே போனாலும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறார்கள். ஒன்று இல்லை. என் பேத்தி மூன்றாம் வகுப்பு படிக்கும் தொடக்கப்பள்ளியின் வழிபாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப்போவதால் பள்ளியின் பெயரைப் போடவில்லை. ராயபுரத்தில், அருட்சகோதரிகள் நடத்தும், அரசு உதவிபெறும் தமிழ்வழிப் பள்ளி என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

நான் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதும் டேலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறார்கள். பேத்தியைக் கொண்டுவந்து விடுவதும் மாலையில் அழைத்துப் போவதும் என் பொறுப்பு. பள்ளி வாசலுக்குள், லூர்து மாதா கெபிக்கு (குகை போன்ற சிறு மாடத்துக்கு) எதிரே ஒரு சிமென்ட் பெஞ்சு இருக்கிறது. வழிபாடு முடியும்வரை அங்கே உட்கார்ந்துகொள்ளப் பெரியவர்களை அனுமதிக்கிறார்கள். நான் எழுதுவது எல்லாம் அந்தப் பெஞ்சிலிருந்து பார்த்ததும் கேட்டதும்தான்.

பேத்தி எல்கேஜி, யுகேஜி படித்தது தண்டையார்பேட்டையில் வேறொரு பள்ளி. அதுவும் கிறிஸ்தவப் பள்ளிதான். அங்கே காலைச் செபம் ஒலிபெருக்கியில் வரும். யாரோ எப்போதோ பதிவு செய்து வைத்த குரல். பிள்ளைகள் வகுப்பறையில் நின்றபடி ‘ஆமென்’ சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் ஆசிரியை வருகைப்பதிவு எழுதிக்கொண்டிருப்பார். பள்ளியை மாற்றியதற்குக் கட்டணமும் ஒரு காரணம். ஆனால் என் மகள் வாயிலிருந்து முதலில் வந்த காரணம் அந்த ஒலிபெருக்கி.

இங்கே வழிபாடு முற்றத்தில், வேப்பமரத்தடியில் நடக்கிறது. தமிழ்த்தாய் வாழ்த்து, செபம், விவிலிய வாசகம், திருக்குறள், செய்திகள், உறுதிமொழி, கடைசியில் நாட்டுப்பண் என்ற வரிசை வேறு பள்ளிகளிலும் உண்டு. வேறுபாடு அதை நடத்துகிறவர்களிடம் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு வகுப்பு என்று முறை வைத்திருக்கிறார்கள். ஒன்றாம் வகுப்புக்கும் முறை வரும். ஆசிரியைகள் பக்கவாட்டில் நிற்பார்களே தவிர மைக்கைத் தொட மாட்டார்கள். வாசிக்க வந்த பையன் வரியைத் தவறவிட்டுத் திகைத்து நின்றால், எடுத்துக் கொடுப்பவன் அவனுக்குப் பின்னால் நிற்கும் வகுப்புத் தோழன். நான்காம் வகுப்பு முறை வரும் வாரத்தில் வழிபாடு மிகவும் அழகாக இருக்கும். அந்த வகுப்பு ஆசிரியை இந்து. வாசகத்தை முந்தின நாளே பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்து, எந்தச் சொல்லில் மூச்சு விட வேண்டும் என்று பென்சிலால் கோடு போட்டுக் கொடுப்பார் என்று பேத்தி சொல்கிறாள்.

மேசையில் உச்சியில் சிலுவை வைத்த குத்துவிளக்கு இருக்கும். 1969 ஏப்ரலில் உரோமை, அதாவது வத்திக்கான், இந்திய ஆயர்கள் கேட்ட பன்னிரண்டு மாற்றங்களுக்கு ஒப்புதல் தந்தது. முழந்தாளிடாமல் கைகூப்பி வணங்குவது, தரையில் அமர்ந்து வழிபடுவது, மெழுகுவர்த்தி இருந்த இடத்தில் எண்ணெய் விளக்கு வைப்பது எல்லாம் அந்த வழியாக நம் கோயில்களுக்குள் வந்தவை. என் அப்பா போன்றவர்களுக்கு அது கடைசிவரை ஒப்பவில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு ஒப்புதல் ஆணை எதுவும் தேவையில்லை. காசிமேட்டிலிருந்து வரும் பெண்ணின் அம்மா வெள்ளிக்கிழமை மாலை வீட்டில் ஏற்றுவதும் குத்துவிளக்குதான். அதன் முன்னால் எப்படி நிற்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இது கடற்காற்று ஓயாத இடம். பேத்தி வகுப்பின் முறை வந்தபோது ஒரு காலையில் விளக்கு பற்றவே மறுத்தது. தீக்குச்சி கிழித்தவள் ஐந்தாம் வகுப்பு அக்கா; ஆசிரியை கைக்கெட்டும் தூரத்தில் நின்றார். இரண்டு குச்சி அணைந்தது. பேத்தி திரிக்கு முன்னால் உள்ளங்கைகளைக் குவித்துக்கொண்டு நின்றாள். இன்னொரு பெண் வருகைப்பதிவேட்டை எடுத்து வந்து காற்றுக்கு மறைப்பாகப் பிடித்தாள். அடுத்த குச்சியில் ஒரு முகம் பற்றியது. அதிலிருந்து மற்ற நான்கு முகங்களையும் ஏற்றி முடிக்கும்வரை பள்ளி முழுவதும் நின்றிருந்தது. ‘சீக்கிரம் ஆகட்டும்’ என்று ஒருவரும் சொல்லவில்லை. மணியைப் பார்க்காமல் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கத் தெரிந்த பள்ளியில்தான் என் பேத்தி படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

விளக்கு எரிந்ததும் அரை நிமிட மௌனம். எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும். அதை எந்தச் சிஸ்டராலும் நிறுத்த முடியாது. ஆனாலும் பிள்ளைகள் நிற்கிறார்கள். ‘கண்ணை மூடு’ என்ற அதட்டல் கிடையாது. 1973இல் உரோமை வெளியிட்ட சிறுவர் திருப்பலி (பூசை) வழிகாட்டியில், சிறுவர்களுக்கும் மௌனம் வேண்டும், அவர்களால் அவர்கள் வழியில் தியானிக்க முடியும் என்ற கருத்து இருக்கிறது. பல கோயில்களில் சிறுவர் திருப்பலி என்றால் கைதட்டலும் ஆட்டமும் மட்டுமே என்று ஆகிவிட்டது. இந்தப் பள்ளி மௌனத்தைக் கைவிடவில்லை. இதற்காகத் தலைமை ஆசிரியை சிஸ்டருக்கு நான் நேரில் நன்றி சொல்லியிருக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது மன்றாட்டுப் பெட்டி. வகுப்புக்கு ஒன்று. செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டியில் வண்ணக் காகிதம் ஒட்டி, மூடியில் ஒரு கீறல் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் தங்கள் வேண்டுதலைத் துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே போடலாம். எழுத வராத ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் படம் வரைந்து போடுவார்கள். வெள்ளிக்கிழமை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சீட்டுகளைப் பிரித்து, ஒரே பொருள் உள்ளவற்றை ஒன்றாகச் சேர்த்து, திங்கள் காலையில் வாசிக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ‘ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்’ என்று முற்றம் பதில் சொல்லும்.

பெரியவர்கள் எழுதிக் கொடுக்கும் மன்றாட்டு எப்படி இருக்கும் என்று ஞாயிறு பூசைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். திருத்தந்தை, ஆயர்கள், குருக்கள், நாட்டை ஆளும் தலைவர்கள், நோயாளிகள். வேண்டியவைதான், நானும் பதில் சொல்கிறேன். இந்தப் பெட்டிகளிலிருந்து வருவது வேறு. ‘அப்பா படகின் என்ஜின் சரியாக வேண்டும்.’ ‘எங்கள் தெருக் குழாயில் கறுப்பாகத் தண்ணீர் வருகிறது, நல்ல தண்ணீர் வர வேண்டும்.’ ‘ஆயாவுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷன், வலிக்கக் கூடாது.’ ‘எங்கள் தெரு நாய் குட்டி போட்டிருக்கிறது, லாரி ஏறக் கூடாது.’ நாய்க்குட்டிச் சீட்டு வந்த அன்று பையன்கள் சிலர் சிரித்துவிட்டார்கள். சிஸ்டர் அவர்களைத் திட்டவில்லை. வாசித்த பெண்ணிடம், “இன்னொரு முறை வாசி, கண்ணு” என்று மட்டும் சொன்னார். இரண்டாம் முறை எல்லோரும் ஒழுங்காகப் பதில் சொன்னார்கள்.

இதே பெட்டியில் ஒரு பெரிய தவறும் நடந்தது. ஒரு பையன் தன் வீட்டுக் குடிப்பிரச்சினையை எழுதிப் போட்டிருந்தான். சீட்டைச் சரிபார்க்க வேண்டிய பெரியவர்கள் பார்க்கவில்லை. அவன் பெயரோடு அது மைக்கில் வந்துவிட்டது. அன்று முழுவதும் அந்தப் பையன் தலை நிமிரவில்லை என்று பேத்தி வீட்டில் வந்து அழுதாள். மறுநாளே நானும் இன்னும் இரண்டு பெற்றோரும் போய்ப் பேசினோம். இப்போது பெயர் எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். ஓர் ஆசிரியை எல்லாச் சீட்டையும் முன்பே படித்துவிடுகிறார். வீட்டு விவகாரம் உள்ள சீட்டுகளைத் தனியே எடுத்து வைத்து, ‘நம் வீடுகளில் அமைதி வேண்டும்’ என்று பொதுவாக மன்றாடுகிறார்கள். அந்தப் பையன் வீட்டுக்கும் சிஸ்டர் போய் வந்தார். பிழை நடந்த பிறகு ஒரு பள்ளி என்ன செய்கிறது என்பதையும் மதிப்புரையில் சொல்லத்தான் வேண்டும்.

இந்தக் கரையில் ஆண்டு எப்படிப் போகிறது என்பது செபத்திலும் தெரிய வேண்டும். இங்கே தெரிகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் காசிமேடு துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். பள்ளி திறக்கும் நேரத்தில் பல வீடுகளில் நோட்டு வாங்கவே கைமாற்று வாங்க வேண்டியிருக்கும். தடை முடிந்து படகுகள் புறப்படும் வாரத்தில், கடலுக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரையும் வழிபாட்டில் முன்னால் அழைக்கிறார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள், பட்டினவர் வீட்டு இந்துப் பிள்ளைகள் என்று பிரித்து நிறுத்துவதில்லை. ஒவ்வொரு பிள்ளையும் தன் அப்பாவோ மாமாவோ போகும் படகின் பெயரைச் சொல்லும். வேளாங்கண்ணி மாதா பெயரில் ஒரு படகு, முருகன் பெயரில் ஒன்று, அம்மன் பெயரில் ஒன்று. எல்லாப் பெயருக்கும் ஒரே பதில்தான். சென்ற ஆண்டு ஒரு சிறுவன், “எங்கள் அப்பா படகு வைத்திருக்கவில்லை, ஐஸ் உடைக்கும் வேலை” என்றான். “ஐஸ் இல்லாமல் படகு போகுமா? சொல்” என்றார் சிஸ்டர். அவன் தன் அப்பா வேலை செய்யும் ஐஸ் கம்பெனியின் பெயரைச் சொன்னான். அதற்கும் பதில் வந்தது. அதே மாதம் 29ஆம் தேதி புனித பேதுரு, பவுல் பெருவிழா. படகுத் தொழிலாளர்கள் கட்டிய ராயப்பர் (பேதுரு) கோயில் இருக்கும் ஊரில், வலை வீசிக்கொண்டிருந்த திருத்தூதரைப் பற்றி விளக்கப் படப்புத்தகம் வேண்டியதில்லை.

இனிக் குறைகள். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைத் திருப்பலி இந்தப் பள்ளியின் பலவீனம். கத்தோலிக்கப் பிள்ளைகளை மண்டபத்தில் சிமென்ட் தரையில் உட்கார வைக்கிறார்கள். பூசை வைக்க வரும் சாமியார் மாதத்துக்கு மாதம் மாறுவார். ஒருவர் வந்தால் மறையுரை பெரியவர்களுக்கான ஞாயிறு மறையுரைதான். ஒன்றாம் வகுப்பு சாய்ந்து தூங்கிவிடும். நான் மேலே சொன்ன 1973 வழிகாட்டி, வாசகங்களைக் குறைத்துக்கொள்ளலாம், நற்செய்தியை மட்டும் விடக் கூடாது, பிள்ளைகளோடு உரையாடலாகவே மறையுரை செய்யலாம், குருவுக்குப் பிள்ளைகள் மொழி கைவரவில்லை என்றால் பெரியவர்களில் வேறொருவர் பேசலாம் என்றெல்லாம் இடம் தருகிறது. மறு ஆண்டே சிறுவர் திருப்பலிக்கென்று மூன்று நற்கருணை மன்றாட்டுகளும் வந்தன. ஐம்பது ஆண்டுக்கு முன்பே கிடைத்த உரிமைகளை ஏன் எடுத்துக்கொள்ளவில்லை? இளம் குரு ஒருவர் வந்த மாதம், அப்பம் ஐந்து, மீன் இரண்டு என்ற நற்செய்திப் பகுதியை வாசித்துவிட்டு, “அந்த மீன் என்ன மீனாக இருக்கும்?” என்று கேட்டார். காசிமேட்டுப் பிள்ளைகள் சங்கரா, வஞ்சிரம், நெத்திலி என்று எழுந்து நின்று சொன்னார்கள். “உன் அம்மா மதியம் கட்டிக் கொடுத்த மீனை இயேசு கேட்டால் கொடுப்பாயா?” என்று அடுத்த கேள்வி. ஒரு பெண் பாதி கொடுப்பேன் என்றாள். அந்தப் பூசையில் ஒருவரும் தூங்கவில்லை. எல்லா மாதமும் அப்படி நடக்க வேண்டும் என்று கேட்பது அதிகம் இல்லை.

இன்னொன்று பாட்டு. பூசையில் பாட்டுக்குக் கைபேசியிலிருந்து கரோக்கி இசையைப் போட்டு ஒலிபெருக்கியில் விடுகிறார்கள். இசை முந்திக்கொண்டு ஓடும்; பிள்ளைகள் பின்னால் துரத்துவார்கள். சில நேரம் நடுவில் அழைப்பு மணி அடிக்கும். காலை வழிபாட்டில் எந்த இசையும் இல்லாமல் அதே பிள்ளைகள் பாடுவதைக் கேட்டவன் என்பதால் எனக்கு இது தாங்க முடியவில்லை. ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள்; அவள் சுருதி பிடித்தால் மற்றவர்கள் தாமாகச் சேர்ந்துகொள்வார்கள். கரோக்கியை நிறுத்திவிட்டு அவளைப் பாட விட வேண்டும். துறைமுகத்தில் கிரேன் சத்தத்துக்கு நடுவே வாழ்நாளைக் கழித்தவன் சொல்கிறேன், பிள்ளைகளின் தொண்டைக்கு மேலே எந்த இயந்திரத்தின் சத்தமும் வரக் கூடாது.

அக்டோபர் செபமாலை மாதம். நாளுக்கு ஒரு வகுப்பு, கெபிக்கு முன்னால் செபமாலையின் பத்து மணிகளை மட்டும் சொல்கிறார்கள். அளவு சரி. வேகம்தான் சரியில்லை. பையன்கள் ‘அருள் நிறைந்த மரியே’யைக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள் போலச் சொல்லி முடிக்கிறார்கள். இதை எந்தப் பள்ளியிலும் முழுதாகத் தீர்த்ததாகத் தெரியவில்லை. ஆனால் மறைபொருளை அறிவித்ததும் அது என்ன நிகழ்ச்சி என்று ஒரு பிள்ளை இரண்டு வரியில் சொல்வது நல்ல ஏற்பாடு. நாங்கள் சிறுவயதில் கற்றது பதினைந்து மறைபொருள்கள். ஒளியின் மறைபொருள்கள் ஐந்தையும் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2002இல் சேர்த்தார். வியாழக்கிழமை வீட்டுச் செபமாலையில் கானாவூர்த் திருமணத்தை எனக்கு நினைவுபடுத்துகிறவள் பேத்திதான்.

நண்பகல் பன்னிரண்டு மணிக்கு மூவேளைச் செபம். மணி அடித்ததும் எழுதிக்கொண்டிருக்கும் பென்சிலை வைத்துவிட்டு அவரவர் இடத்தில் எழுந்து நிற்பார்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. ஈஸ்டர் காலத்தில் அதற்குப் பதிலாக விண்ணக அரசியை வாழ்த்தும் செபம் வரும். உணவுச் செபம் முன்பு மதியம் மட்டும்தான். 2025 ஆகஸ்டில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்த பிறகு, காலை உப்புமாவுக்கும் கிச்சடிக்கும் முன்னாலும் சொல்கிறார்கள். ‘சமைத்த அக்காவுக்கும்’ என்று பிள்ளைகளே ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள். நல்ல வரி.

ஈஸ்டருக்கு முன் வரும் தவக்காலத்தை இந்தப் பள்ளி நடத்தும் விதத்தைத் தனியே சொல்ல வேண்டும். முந்தின ஆண்டுக் குருத்தோலையை வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருப்போம் அல்லவா, அதைப் பிள்ளைகள் கொண்டுவருகிறார்கள். முற்றத்தில் ஒரு மண்சட்டியில் போட்டு அவர்கள் கண்ணெதிரே எரிக்கிறார்கள். அந்தச் சாம்பல்தான் திருநீற்றுப் புதன் அன்று நெற்றிக்கு வரும். கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகள் விரும்பினால் மட்டும் வரிசையில் வரலாம். ஒரு முறை வரிசையில் வந்த பையனின் நெற்றியில் வீட்டில் பூசிவிட்ட விபூதி மூன்று கோடாக இருந்தது. பெஞ்சிலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. சிஸ்டர் அதைத் துடைக்கவில்லை. குனிந்து பார்த்து, கோடுகளுக்கு மேலே, முடி தொடங்கும் இடத்தில் சிறிதாகச் சிலுவை இட்டார். பையன் நெற்றியைத் தொடாமல் மிகவும் கவனமாக நடந்து போனான்.

வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப் பாதை. பதினான்கு தலங்களையும் பிள்ளைகளே வரைந்து தாழ்வார நெடுக ஒட்டியிருக்கிறார்கள். வெரோணிக்கா துணியை நீட்டும் ஆறாம் தலத்தில் துணிக்குப் பதிலாகப் பள்ளிச் சீருடையின் நீலக் கைக்குட்டை. சீமோன் தோள் கொடுக்கும் ஐந்தாம் தலத்தில் அவன் தலையில் துறைமுகச் சுமைதூக்கிகளின் சும்மாடு. தவக்கால உண்டியலும் உண்டு. 1843இல் பிரான்சில் ஓர் ஆயர், நாளுக்கு ஒரு ‘மரியே வாழ்க’, மாதத்துக்கு ஒரு சிறு காசு என்று சொல்லித் திருப்பாலர் சபையைத் தொடங்கினார். பிள்ளைகள் பிள்ளைகளுக்கு உதவ வேண்டும் என்பது அதன் எண்ணம். இங்கே உண்டியல் பணம் எங்கே போக வேண்டும் என்று வகுப்புகளில் கேட்டு முடிவு செய்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்து படகும் வலையும் கறுத்துப் போயின. அடுத்த தவக்காலத்து உண்டியல் அங்கேயுள்ள மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நோட்டும் பையுமாகப் போனது. கணக்கை எழுதிப் பலகையில் ஒட்டினார்கள். கணக்கு எழுதியே பிழைத்தவன் என்பதால் கூட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது.

முதன்முறை நற்கருணை வாங்குவதற்கான புதுநன்மைத் தயாரிப்பு பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பள்ளியில் ஒரு வகுப்பு, பங்குக் கோயிலில் ஒரு வகுப்பு என்று இரண்டு இடத்திலும் நடக்கிறது. இரண்டுக்கும் பாடநூல் வேறு. ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டால் பெற்றோருக்கு அலைச்சல் குறையும்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். நான் பிடித்துக்கொள்ளும் ஒன்று, பிற சமயப் பெற்றோரிடம் பள்ளி பேசாமல் விடுவதற்காக. அரசியலமைப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குத் தங்கள் பள்ளிகளை நிறுவி நடத்தும் உரிமையைத் தருகிறது. 28ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில் யாரையும் சமய போதனையிலோ வழிபாட்டிலோ சம்மதம் இல்லாமல் பங்கேற்க வைக்கக் கூடாது, சிறுவர் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. இந்தப் பள்ளியில் கட்டாயம் இல்லை என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். திருப்பலி நேரத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு நன்னெறி வகுப்பு நடக்கும். மறைக்கல்வி வகுப்பிலும் அவர்கள் உட்கார வேண்டியதில்லை. ஆனால் சேர்க்கைப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி, அதன் கீழே கையெழுத்து, அவ்வளவுதான் சம்மதம். யாரும் வாய்விட்டு விளக்குவதில்லை. எங்கள் தெருவில் ஒரு முஸ்லிம் தாய், தன் பெண் செபமாலை வரிசையில் நிற்க வேண்டுமா என்று பள்ளியில் கேட்கத் தயங்கி என்னிடம் கேட்டார். நான் போய்ச் சிஸ்டரிடம் சொன்னேன். “வேண்டியதே இல்லை ஐயா, அந்த நேரத்தில் நூலகத்தில் உட்காரட்டும்” என்று உடனே சொல்லிவிட்டார். இவ்வளவு எளிதாகக் கிடைக்கும் பதிலை ஒரு தாய் பக்கத்து வீட்டுக் கிழவன் மூலமாகவா பெற வேண்டும்?

நம்பிக்கையில் எவரையும் வற்புறுத்தக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமே 1965 டிசம்பரில் சமயச் சுதந்திர அறிக்கையில் சொல்லிவிட்டது. பாதிக்கு மேல் பிற சமயத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி இது. சேர்க்கை நாளில் ஒரு சிஸ்டரோ ஆசிரியையோ ஐந்து நிமிடம் பெற்றோரோடு உட்கார்ந்து, எங்கள் செபம் இது, இதில் உங்கள் பிள்ளை சேரலாம், சேராமலும் இருக்கலாம் என்று சொன்னால் போதும். தயங்கிக்கொண்டே வரிசையில் நிற்கும் பிள்ளையின் உதட்டசைவு செபம் ஆகாது. அதை வைத்துக்கொண்டு கத்தோலிக்கப் பள்ளி என்ன செய்யப்போகிறது? சேர விரும்பும் பிள்ளைகள் அங்கே நிறையவே இருக்கிறார்கள். ஐஸ் கம்பெனிச் சிறுவன் கத்தோலிக்கன் இல்லை. நாய்க்குட்டிச் சீட்டை எழுதியவளும் இல்லை.

பார்க்கப் போகிறவர்களுக்கு: திங்கள்கிழமை போங்கள், அன்றுதான் மன்றாட்டுப் பெட்டி வாசிப்பார்கள். முதல் வெள்ளியன்று போகாதீர்கள்; அதை வைத்துப் பள்ளியை எடைபோட்டால் தவறாகிவிடும். மணி அடிப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால் வந்து, வாசலில் இருக்கும் நோட்டில் பெயரும் கைபேசி எண்ணும் எழுதினால் வாட்ச்மேன் உள்ளே விடுவார். கைபேசியில் படம் எடுக்கக் கூடாது. சேர்க்கைக்குப் பிறப்புச் சான்றிதழும் ஆதாரும் கேட்பார்கள்; கத்தோலிக்கப் பிள்ளை என்றால் ஞானஸ்நானச் சான்றிதழின் நகலையும் கொண்டு போங்கள். படிவத்தின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்தப் பொடி எழுத்து வரியைப் படித்து, புரியவில்லை என்றால் அங்கேயே கேளுங்கள்.